முதுகு

மன்னவனூரில் பஸ் எங்களை இறக்கிவிட்டுப் புகைவிட்டுப் போனதும்
மாரக்காள் சொன்னாள்:
"இன்னைக்கு உனக்கு எங்க ஊர் பீச்சு."
நான் உவரிக்காரி.
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மே மாத ஏரி உள்வாங்கியிருந்தது.
புல் முடிந்த இடத்தில் சாம்பல் நிறச் சேறு,
சேறு முடிந்த இடத்தில்
உண்மையாகவே மணல், இரண்டு பாய் அகலத்துக்கு.
பண்ணை ஆடுகளின் குளம்புகள் நெருக்கி நெருக்கிப் பதிந்து
வலை உலர்த்தி எடுத்த தடம்போலிருந்தது.
அலையும் வந்தது, நகக்கண் உயரம்.
வந்தேன் என்றுகூடச் சொல்லாமல் போனது.
ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை.

மாரக்காள் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
தூக்குவாளியைத் திறந்தாள்.
"திரும்பி உக்காருட்டி" என்றேன்.
"எதுக்கு? ஏரி என்ன கடிக்கவா செய்யும்?"
சந்தியாகு சித்தப்பா
காற்றுக்கு மறைவாய் பீடி பற்றவைக்க
ஒரு நொடிதான் திரும்பினார்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
பூண்டுத் துவையலும் ஆறிய இட்லியும்
நின்றபடியே தின்றேன்,
தண்ணீரின் மேல் ஒரு கண் வைத்து.

குகை, ஓடையைத் தாண்டி சோலைக்குள்.
போகிற வழியில் அட்டைகள்.
மாரக்காள் இடுப்பிலிருந்து பொட்டலம் எடுத்துப்
பிரித்தாள்: கல்லுப்பு.
என் கணுக்காலில் வைத்து அழுத்த
ஒவ்வொன்றாய்ச் சுருண்டு விழுந்தன.
மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.
"சீ" என்றாள்.

வாசலில் குனிய வேண்டும்.
அப்புறம் முட்டி போட வேண்டும்.
அப்புறம், யாரோ ஓட்டைக் கழற்றியதுபோல்
தலைக்குமேல் சட்டென்று உயரம்.
அணைந்த அடுப்பு, கருகிய பாறை,
காவலுக்குப் படுத்தவன் விட்டுப்போன கம்பளி,
சுவரில் ஆணியால் கீறிய 'கா. முத்திருளன்'.
அதற்கும் உள்ளே ஒரு பொந்து.
செல்போன் வெளிச்சம் அங்கே எதிலும் படாமல்
போய்க்கொண்டே இருந்தது.
எனக்குப் பழகிய இருட்டுதான்,
விசைப்படகின் ஐஸ் அறை இருட்டு.
ஈரம் சொட்டும். குளிரும். அவ்வளவுதான்.
நான் தவழ்ந்தேன்.
"போதும் வா" என்றாள் பின்னாலிருந்து.
இதுவரை நான் கேட்டிராத குரல்.
வௌவால் ஒன்று காதோரம் போனது.
"வந்துரு. மலை மூச்சு விடுது."

வெளியே வரும்போது
மாரக்காள் பின்பக்கமாகவே நடந்து வந்தாள்,
பொந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்,
வேரில் இடறி, முள்ளில் சேலை மாட்டி,
வெயில் முகத்தில் விழும்வரை.
காட்டுமாடா, கரடியா,
வேறு யார் எப்போது திரும்பினார்களோ.
நான் கேட்கவில்லை.
முள்ளை மட்டும் எடுத்துவிட்டேன்.

நாலரை பஸ் மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டது.
மேட்டில் ஹாரன்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
கரையிலிருந்து ஓடினோம்.
பாதி ஏற்றத்தில்தான் உறைத்தது,
ஏரி என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
ஒன்றும் நடக்கவில்லை.

கவுஞ்சி வளைவுவரை
ஜன்னலில் கழுத்து வலிக்கத் திரும்பியிருந்தேன்.
அவள் என் தோளில் தூங்கிப்போயிருந்தாள்,
கையில் இன்னும்
அந்தக் காலி உப்புக் காகிதம்.