வெண்ணாற்று முறை

பெங்களூரிலிருந்து வந்து இறங்கியது காலை எட்டு இருபதுக்கு.
கோலாலம்பூருக்கு ஏறுவது இரவு பத்து ஐம்பதுக்கு.
நடுவில் கிடந்தது
யார் கணக்கிலும் எழுதாத ஒரு பகல்.

முதல் ஒன்றரை மணியை வீணடித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
இருநூறு ரூபாய்க்கு ஒரு காப்பி குடித்தேன்,
அது காப்பி இல்லை.
சார்ஜ் போடும் துளைக்குப் பக்கத்து நாற்காலிக்காக
ஒரு கல்லூரிப் பையனோடு
கண்ணாலேயே சண்டை போட்டேன்.
ஜெயித்த பிறகு பார்த்தால்
போனில் தொண்ணூற்றாறு சதவீதம்.

வெளியே லூர்துசகாயத்தின் ஆட்டோ.
"மலைக்கோட்டையா, ஸ்ரீரங்கமா?"
சாமியும் படியும் வேண்டாங்க,
தண்ணி ஓடுற இடமா ஒண்ணு காட்டுங்க.
கண்ணாடியில் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.
"தனியா வந்திருக்கீங்க.
வீட்ல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

டயாலிசிஸ் மெஷின் ரிப்பேர் பண்றவ நான்,
தண்ணி எப்படிப் போகுதுன்னு பாக்குறதுதான் பொழப்பு
என்று சத்தியம் செய்த பிறகே
தொள்ளாயிரத்துக்குப் படிந்தது வண்டி,
காத்திருப்பும் சேர்த்து.

திருவெறும்பூர், வேங்கூர், ஒரு பஞ்சர் கடை, கல்லணை.

யானைமேல் இருக்கும் ராஜாவை
எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.
நான் மதகின் பல்சக்கரத்தை எடுத்தேன்,
கறுத்த கிரீஸில் ஒட்டிய ஈயோடு.
அதைப் பார்த்துத்தான் பேச வந்தார் லஸ்கர் வைரக்கண்ணு.
"வெண்ணாத்து முறை ஓடுது.
ஆறு நாள் அதுக்கு, ஆறு நாள் காவேரிக்கு."

காவேரிப் பக்கம் பலகைகள் இறங்கியிருந்தன.
மேட்டூரிலிருந்து மூன்று நாள் நடந்து வந்த தண்ணீர்
கதவுக்கு இந்தப் பக்கம் நின்றது.
அவ்வளவு தூரம் வந்திருக்கு, விட்டுடலாமே?
"வந்துட்டேன்னு சொன்னா ஆச்சா?
கீழ யாரு முறையோ அவனுக்குத்தான்."

நின்றது என்று சொன்னேனே, நிற்கவில்லை.
ஒற்றைச் செருப்பை மூன்று சுற்று சுற்றிக் காட்டியது.
ஆகாயத்தாமரையைத் தூணோடு சேர்த்து வைத்து
பிறகு மனம் மாறிப் பிரித்தது.
ஒரு நீர்க்காக்கைக்குச் சாப்பாடு போட்டது.

என் இயந்திரத்தில்
நிமிடத்துக்கு அரை லிட்டர், நான்கு மணி நேரம்.
ஓசூர் ஆஸ்பத்திரியில் தேவநேசன் என்று ஒருவர்,
இடது கையில் இரண்டு ஊசி.
வலது கையால் வேர்க்கடலை உடைத்து
நர்ஸுகளுக்குக் கிண்ணத்தில் சேர்ப்பார்.
அசையாமப் படுங்க சார் என்றால்
"ஒரு கை சும்மாதானே இருக்கு" என்பார்.
போன மாதம் நான் பம்ப் மாற்றப் போனபோது
அந்தக் கட்டிலில் வேறு ஆள்.
கிண்ணம் மட்டும் ஜன்னலில் இருந்தது, கழுவிக் கவிழ்த்து.

இதை வைரக்கண்ணுவிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
அவர் கன அடியை நோட்டில் எழுதி முடித்து
"கெண்டை வறுவல் சாப்பிட்டீங்களா?" என்றார்.

சாப்பிட்டேன். முள் எடுக்கவே அரை மணி.
கொள்ளிடம் பக்கம் மணலில் இறங்கி நடந்தேன்,
வெயில் சுட்டதும் திரும்பினேன்.
புங்க மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்து
வாய் திறந்து தூங்கினேன்.
நாலு மணிக்குச் செய்தி வந்தது,
விமானம் இரண்டு மணி நேரம் தாமதம்.
பதினாறு வருட வேலையில் முதல் முறையாக
யாரையும் திட்டவில்லை.
லூர்துசகாயம் தன் பங்கு மீனை
அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தார்.

பாதுகாப்புச் சோதனையில்
ஷூவைக் கழற்றி வைத்த தட்டில்
ஒரு ஸ்பூன் அளவு மணல்.
"என்ன மேடம் இது?"
கொள்ளிடம்.
"இதுக்குத்தான் இங்க லாரியவே புடிக்கிறாங்க"
என்றாள் அந்தக் காவலர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.
இடது ஷூவை மட்டும் தட்டிவிட்டு
போகச் சொன்னாள்.

வலதை
கோலாலம்பூரில்தான் கழற்றினேன்.