ஆறு கிழமை

தண்ணிக்குள்தான் காஸ்டிக்கைக் கொட்ட வேணும்,
காஸ்டிக்குக்குள் தண்ணியை ஊற்றக் கூடாது.
இரண்டாம் முறை கலக்கியபோது மாறிவிட்டேன்.
வலது முழங்கைக்குக் கீழே
வெண்டிக்காய் நீளத்தில் கிடக்கிறது
அந்த அவசரம்.

விசுவமடுவில் எங்கள் கிணறு கல்லுத்தண்ணி.
கேத்தல் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டும்.
கடைச் சவுக்காரம் அதில் நுரைக்காது,
திரைந்த பால்போலத் தலைமயிரில் ஒட்டிக்கொள்ளும்.
அந்தக் கோபத்தில் தொடங்கிய வேலை இது.
கார்த்திகை மழையைத் தகரத்திலிருந்து
மூன்று நீலப் பரல்களில் பிடித்து வைக்கிறேன்.
தேங்காயெண்ணெய் ஏழு பங்கு,
இலுப்பெண்ணெய் இரண்டு,
வேப்பெண்ணெய் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைய.
கூடிப்போனால்
மகளின் யூனிபோமும் கசாயம் மணக்கும்,
பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நிற்பாள்.

அகப்பை இழுத்த கோடு
அழியாமல் மேலே நிற்கிற ஒரு கணம் உண்டு.
அதற்கு முன்னம் ஊற்றினால் எண்ணெய் பிரியும்,
பிந்தினால் வாளிக்குள்ளேயே இறுகிவிடும்.
கறி அடிப்பிடித்தாலும் அந்த நேரம் திரும்பிப் பார்க்க மாட்டேன்.
நகுலேசன் அறுத்துத் தந்த பைப் துண்டுகளில் வார்த்து
பழைய சாக்கால் போர்த்துவிடுவேன்.
இரவில் தொட்டால் சூடு,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.

வெட்டி அடுக்கினால் காய ஆறு கிழமை.
நுண்கடன் கொம்பனிக்கோ
கிழமை என்றால் ஏழே நாள்.
வியாழன் ஒன்பதரைக்கு டிலக்சனின் மோட்டார்சைக்கிள்
வேலியோரம் வந்து இருமும்.
"என்னக்கா, இன்னும் காயேல்லையோ?"
தட்டைப் பார்த்துக் கேட்கிறானா,
என் கையைப் பார்த்துக் கேட்கிறானா, தெரியாது.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு கடைக்காரி வந்தாள்.
ரொஷானி. நல்ல மனுசி.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்,
கட்டியை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினாள்,
எனக்குப் பெருமையாய்த்தான் இருந்தது.
பிறகு என் தழும்பைக் கண்டாள்.
போனை எடுத்தபடியே
குரலைத் தாழ்த்தி, "ஷெல்லா?" என்றாள்.

காஸ்டிக், என்றேன்.

போன் இறங்கியது.
இருந்தாலும் விடவில்லை:
லேபலில் ஒரு வரி போட்டால் நல்லாய்ப் போகுமாம்.
யுத்தத்தில் தப்பிய பெண்ணின் கைகளால், என்று.
ஒரு கட்டி அறுநூறுக்கு அங்கே விற்கும்,
எனக்கு இருநூற்றைம்பது.
தப்பியது கை மட்டுமில்லையே, தங்கச்சி.
ஷெல் துண்டு கிடக்கிற இடம் வேறை.
அது மழைக்காலத்தில் என்னோடு கதைக்கும்,
லேபலோடு கதைக்காது.

நான் சொன்னேன், இப்படிப் போடுங்கோ:
தொண்ணூறு கிராம். எலுமிச்சம்புல்.
கல்லுத்தண்ணியிலும் நுரைக்கும்.
சிரித்தாள்.
கொழும்பில் யாருக்கு அக்கா கல்லுத்தண்ணி?
உண்மைதான். அதை நான் யோசிக்கவில்லை.
பன்னிரண்டு கட்டிக்குக் காசு வைத்தாள்,
யோசித்துவிட்டு எடுக்கிறேன் என்றாள்.
எடுக்கவில்லை இன்னும்.

இந்த வியாழன் கட்டுக்காசில் முந்நூறு குறைந்தது.
டிலக்சன் துண்டில் ஏதோ கிறுக்கினான்,
ஹெல்மெட்டைப் போட்டான், திரும்பக் கழற்றினான்.
முரசுமோட்டையில் அவர்கள் கிணறும் இதே தண்ணியாம்.
தாய்க்குத் தலைமயிர் கொட்டுதாம்.
தட்டின் மூன்றாம் வரிசையைக் காட்டினேன்,
ஆறு கிழமை முடிந்தவை அவைதான்.
இரண்டை எடுத்து முகர்ந்து
சேட்டுப் பைக்குள் வைத்தான்.
அந்தப் பைக்குள்தான் எங்கள் ஒழுங்கையின் கடன் முழுக்க இருக்கிறது.

"காசு அக்கா... அடுத்த வியாழன் தாறனே."

மகளின் கணக்குக் கொப்பியில்
பின்பக்கம் ஒன்று கிழித்தேன்.
பெயரைச் சொல்லும் தம்பி, என்றேன்,
தெரியாதவள் மாதிரி.
டிலக்சன். இரண்டு கட்டி.
ஐந்நூறு.
கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.