தரை ஈரம்

சாலையோரப் பலகைக்கு எழுத்துகள் போதவில்லை.
வெல்கம் என்ற சொல்லின் முதல் எழுத்தை
ஜூலைக் காற்று கனோலா வயலுக்குள் எங்கோ
கொண்டுபோய்விட்டது.
பெட்டியில் கூடுதலாய்க் கிடந்த எம் ஒன்றைத்
தலைகீழாக மாட்டினேன்.
தூரத்துக்குத் தெரியாது. கிட்டே வந்தால்
காலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

நான் இங்கே துப்புரவுக்காரி, யூஸ்டினா பென்னர்.
காடு முடிந்து கோதுமை தொடங்குகிற
வட ஆல்பர்ட்டாவின் ஓரத்தில்
நாற்பத்திரண்டு பிள்ளைகள் படிக்கும் பெத்தேல் பள்ளி.
பதினேழு வருடமாக ஆகஸ்ட் கடைசியில்
தரைக்கு மெழுகு போட்டுவிட்டு
யாரும் மிதிக்காத அந்த ஒரே ஒரு நாளை
யாருக்கும் சொல்லாமல் ரசித்திருக்கிறேன்.
பெருமை பாவம் என்பார்கள்.
தரையைப் பற்றியதென்றால் பாதிப் பாவம்தான்.

இந்த வருடம் மெழுகு பிடிக்கவில்லை.

விடுமுறை விட்ட மூன்றாம் நாள்
ஆற்றின் அக்கரையில் காடு பற்றியது.
பதினொரு குடும்பங்கள் இருட்டில் வந்து
கதவைத் தட்டின.
மூன்றாம் வகுப்பில் க்ளாசன் வீட்டார்.
நூலகத்தில் டார்லீன் கார்டினலும் இரட்டைக் கைக்குழந்தைகளும்.
உடற்பயிற்சிக் கூடத்தில் நாயோடு வந்தவர்கள்.
வேதபாட அறையில் ஒரு கோழிக்கூடை;
நிர்வாகக் குழுவுக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.

ஐந்து வாரம்.
பகலிலும் விளக்கு எரிந்தது.
சூரியன் ஒரு செப்புக்காசு.
குழந்தைகள் கரும்பலகையில் வீடு வரைந்தார்கள்,
பெரியவர்கள் அதை அழிக்க விடவில்லை.

அவர்கள் போன பிறகு பெருக்கினேன்:
ஒற்றைக் காலுறை, பால்பல் ஒன்று,
யாரோ எண்ணி எண்ணி நிறுத்திய சாவிக்கொத்து.
அதில் ஒரு சாவிக்கு இனி கதவு இல்லை.

இன்று காலை பிக்கப் வண்டிகள் வரிசையாய் வந்தன.
புதுச் சப்பாத்து, பழைய பை,
சாம்பல் இன்னும் ஒட்டியிருக்கிற சக்கரம்.
தலைமையாசிரியர் ஹார்ம்ஸ் வாயைத் திறந்தார்.
காற்றுதான் வந்தது.
புகை குடித்த தொண்டை.
கையிலிருந்த தாளை என்னிடம் நீட்டினார்.

நல்ல உரை. கிருபை நான்கு இடத்தில்,
அக்கினி இரண்டு இடத்தில்.
முதல் வரியை மனசுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தேன்.
எதிரே எல்பா க்ளாசன்.
அவள் குறட்டை எனக்குத் தெரியும்.
என் அழுகை அவளுக்குத் தெரியும்.
எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருகினால்
வெந்நீர் வரும் என்று தெரிந்தவர்களுக்கு
நல்வரவு சொல்ல நான் யார்?

தாளை மடித்தேன்.
"உள்ளே வாங்க. தரை ஈரம், பார்த்து."
அவ்வளவுதான் வந்தது.
யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.
ஹார்ம்ஸ்கூட, சத்தமில்லாமல், தோள் குலுங்க.

லோவன் வீட்டு அர்வின் வரவில்லை.
சாஸ்கடூனில் மாமன் வீட்டில் இருக்கிறார்களாம்.
நாற்பத்தொன்றை எண்ணி முடித்த விரல்
அவன் மாட்டும் கொக்கிக்குப் போய்த் திரும்பியது.
பெயர்ச் சீட்டை உரிக்கச் சொல்லியிருந்தார்கள்.
நகத்தில் வலி என்று சொல்லிவிடலாம்.

கடைசியாக ஒரு சின்னக் கார்.
யாரும் அறியாத குடும்பம்.
ஆஸ்பத்திரி வேலைக்கு மணிலாவிலிருந்து வந்தவர்கள்,
இந்தப் பகுதிக்குப் பொருந்தாத மெல்லிய கோட்டு.
அந்தச் சிறுமி வாசற்படியில் நின்றுகொண்டு
தலைகீழ் எழுத்தையே பார்த்தாள்.

நான் நகருமுன் க்ளாசன் வீட்டுக் கடைக்குட்டி
அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்,
சொந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் மாதிரி:
"இது வெந்நீர். இது திறக்காது, உதைக்கணும்.
இங்கதான் நான் படுத்திருந்தேன்.
ராத்திரி பயமா இருந்தா அந்தப் பச்சை விளக்கைப் பாரு."

இங்கே யாரும் ராத்திரி தங்க மாட்டார்கள் என்று
புதியவளுக்கு யாரும் விளக்கவில்லை.
அவள் தலையாட்டிவிட்டு
விளக்கு எங்கே என்று பார்த்துவைத்துக்கொண்டாள்.

ஈரத்தில் இரண்டு ஜோடிக் காலடிகள்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.
காயட்டும், அப்படியே.