கயிறு தள்ளாது

காளப்பட்டியில் மூன்றாவது மாடி.
கீழே பரோட்டாக் கடை, நடுவில் பல் டாக்டர்,
மேலே நாங்கள் நாலு பேரும் ஒரு கடலும்.
கடல் என்றால் ஒரு கோப்பு.
அலை இரண்டரை மீட்டர், எட்டு நொடிக்கு ஒருமுறை.
அதில் உப்பு கிடையாது.
ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வந்து
ஜன்னல் கொக்கியை ஆட்டும்போது மட்டும்
திரையில் கொஞ்சம் நிஜம்போல் இருக்கும்.

எழுபத்தெட்டு டன் இரும்புச் சட்டகம்.
ஒற்றை வடத்தில் கட்டி
அறுநூறு மீட்டர் அடியில், சேற்றின்மேல்,
நோகாமல் வைக்க வேண்டும்.
வைக்கப்போவது காக்கிநாடாவுக்கு அப்பால்
ஷேக் மஸ்தான் என்கிற கிரேன்காரர்.
எந்த அலையில் வைக்கலாம் என்று சொல்வது நான்.
கடலை இரண்டு முறை பார்த்தவள்.
இரண்டு முறையும் முழங்கால் வரை.

வீட்டுக்காரர் நாச்சிமுத்து ஆழம் கேட்டார்.
ரெண்டாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைச்சல் என்றேன்.
"அவ்வளவுதானுங்களா?"
சூலூரில் அவர் மச்சான் ஆயிரத்து அறுநூறு போட்டாராம்.
வந்தது புழுதியாம்.

எல்லாரும் ஆழத்தையே கேட்கிறார்கள்.
ஆழம் நாணயமானது.
அங்கே அலை இல்லை. எடை எடையாக இருக்கும்,
வடத்தின் சொந்தப் பளு மீட்டருக்கு மீட்டர் கூடும்,
பள்ளிக்கூடக் கணக்கு.
வம்பெல்லாம் மேலே, முதல் பத்து மீட்டரில்,
இரும்பின் அடித்தட்டு நீரைத் தொடுகிற இடத்தில்.

திங்கள் இரவு ஓட்டிப் பார்த்தேன்.
வரைபடத்தில் இழுவிசை இறங்கி, இறங்கி,
பூஜ்யத்துக்குக் கீழே ஒரு பல் குத்தி நின்றது.
மைனஸ் ஆறு டன்.
கணினிக்கு வெட்கமில்லை, எதையும் எழுதும்.
கயிறு இழுக்கும். தள்ளாது.
மைனஸ் என்றால் தொய்வு என்று நாம்தான் படிக்க வேண்டும்:
அரை நொடி
அத்தனை இரும்பையும் அலை மடியில் வாங்கிக்கொள்கிறது,
வடத்துக்கு வேலை இல்லை.
அடுத்த அரை நொடி
மடியை உதறிவிட்டு எழுந்து போகிறது.
அப்போது வடத்தில் விழுவது நூற்று அறுபது.

பளு அறுப்பதில்லை.
பளு போய்த் திரும்பி வருவதுதான்.

செவ்வாய் குளியலறையில் தண்ணீர் இல்லை.
கீழே போர் மோட்டாரை மாற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
முக்காலி, சங்கிலி, டார்ச் வெளிச்சம்.
குப்புராஜ் ஒரு காதில் ஹெட்போனோடு
உள்ளங்கையைக் கயிற்றின்மேல் வைத்திருந்தான்.
விறைப்பாக இருந்தவரை பாட்டுக் கேட்டான்.
"லூசாவுது, நிறுத்துடா!" என்று கத்தியது
கயிறு கொஞ்சம் இளகியபோது.
மோட்டார் எங்கோ கேசிங் குழாயின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது.
நான் வாளியோடு நின்றேன், வாளியோடு மேலே போனேன்.

மும்பைக்கு எழுதினேன்:
அடித்தட்டில் ஓட்டை போடுங்கள், இட்லித் தட்டு மாதிரி,
நீர் மேலே கடந்து போகட்டும்.
தேஷ்முக் பதில் எழுதினார்: இட்லித் தட்டு புரிந்தது,
நாற்பத்தாறு ஓட்டை, மூன்று வாரம்.
அலை வரம்பு இரண்டு மீட்டர் வைக்கலாமா?
ஒன்று புள்ளி ஆறு என்றேன்.
கப்பல் வாடகை தெரியுமா என்றார்.
தெரியும்.
ஒன்று புள்ளி ஆறு.

ஓட்டை போட்டார்கள். கப்பல் போனது.
போன இடத்தில் நான்கு நாள் சும்மா நின்றது.
நாளைக்கு எத்தனை லட்சம் என்று
அலுவலகத்தில் யாரும் என்னிடம் சொல்லவில்லை,
டீ மட்டும் எனக்கு முதலில் வந்தது.

ஐந்தாம் நாள் மாலை மஸ்தானிடமிருந்து
ஒரு படம், கிரேன் மீட்டர் பதிவு.
எல்லாரும் உச்சத்தைப் பார்த்தார்கள்.
நான் பள்ளத்தைத் தேடினேன்.
ஒன்பது டன்.
பூஜ்யத்துக்கு மேலே ஒன்பது.
ஒரு கணமும் அந்த வடம் கையை விட்டுவிடவில்லை.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தேன்.
இருமியது, காற்றைத் துப்பியது,
செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிவு.
உள்ளங்கையில் ஏந்தி வாய் கொப்பளித்தேன்.
உப்பு.