பத்து கிலோவுக்குக் கீழே

நோட்டைத் திருப்பித் தரும்போது நாகவேணி சொன்னாள்:
"நாலு பக்கத்துக்குள்ள மூணு பேர் செத்துட்டாங்க அண்ணி.
ஒரு பிள்ளையாச்சும் பரிட்சையில பாஸாகக் கூடாதா?"

கூடாதென்று யார் சொன்னது.
அன்றிரவே எழுதினேன்.
கே.ஆர்.பி. அணையில் சாயங்காலம்,
வறுத்த மீன், படியில் ஒரு குடும்பம்.
மூன்றாவது வரியில் சின்னவன் தண்ணீரில் இறங்கிவிட்டான்.
நான் தள்ளவில்லை.
கரையேற்ற ஒரு பக்கம் செலவாயிற்று,
ஏறிய பிறகு எல்லோரும் அழுதார்கள்.

மறுநாள் மாம்பூ.
தை மாத்து மாம்பூவைச் சோகமாய் எழுதத்
தனித் திறமை வேண்டும்.
எனக்கு இருக்கிறது.
பூவுக்குப் பனி வந்தது, பிஞ்சுக்குக் காற்று வந்தது,
காய்க்கு விலை வரவில்லை.

என் வேலை அப்படி என்று சொல்லிக்கொண்டேன்.
சந்தூர் ரோட்டில், மாங்கூழ் ஆலைக்கு எதிரே
வேபிரிட்ஜ். அறுபது டன் தாங்கும்.
ஆனி முழுக்கப் பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
சாலை வளைவு தாண்டியும் நிற்கும்.
கண்ணாடிக்குப் பின்னால் நான்.
ஏற்றி வந்த எடை, இறக்கிப் போகும் எடை,
கழித்தால் மிஞ்சுவது சீட்டில்.
சீட்டைப் பார்க்கும் முகங்களைத்தான்
ஒன்பது வருடமாய் எழுதிக்கொண்டிருந்தேன்.

போன புதன், ராத்திரி பதினொன்று.
ஆலையில் பெல்ட் அறுந்து வரிசை நின்றுபோனது.
திம்மராயன் தன் டிரெய்லருக்கு அடியில் தூங்கினான்.
காய் இறக்கும் பெண்கள் ஐந்து பேர்
காலியாய்க் கிடந்த மேடையில் ஏறி நின்று,
"எங்களையும் போடு" என்றார்கள்.

பத்துப் பத்தாய்த்தான் காட்டும் இது.
ஐம்பத்தாறு கிலோக்காரிக்கு அறுபதென்று காட்டினால்
என் கண்ணாடி உடையும்.
மொத்தமாய் நில்லுங்கள் என்றேன்.
இருநூற்று எண்பது.

வகுத்தார்கள். ஆளுக்கு ஐம்பத்தாறு.
முனிரத்தினாவுக்கு முகமெல்லாம் பல்.
கல்யாணத்துக்குப் பிறகு
அவள் ஐம்பத்தாறைப் பார்த்ததே இல்லை.
ஒல்லிச் சாக்கம்மா, "நான் எப்போடி ஏறினேன்" என்று
தன் கையைத் தானே பிடித்துப் பார்த்தாள்.
சீட்டு வேணுமாம்.
வண்டி எண் கேட்டது இயந்திரம்.
"பத்துக் காலுன்னு போடு."
சரக்கு?
"இன்னும் சாப்பிடல. காலின்னு போடு."

காலி என்று போட்டேன்.

அப்புறம் விளக்கடியில் தூக்குவாளிகள் திறந்தன.
ராகிக் களி, கீரைக் கடைசல்,
அடிபட்ட மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும்.
எனக்கும் ஓர் உருண்டை
சீட்டு போகிற சந்து வழியே உள்ளே வந்தது.
தின்று, தண்ணீர் குடித்து, ஏப்பம் விட்டு
மறுபடி ஏறினார்கள்.
இப்போ ஏறியிருக்கும் என்று
தூக்கம் கலைந்த திம்மராயன் பத்து ரூபாய் பந்தயம் கட்டினான்.

இருநூற்று எண்பது.

"களி எங்கடி போச்சு?"
யார் கேட்டதென்று தெரியவில்லை.
சிரித்த சிரிப்பில் மேடை ஆடியது.
சிவப்பு எண்கள் இருநூற்று எழுபது, தொண்ணூறு, எண்பது,
மறுபடி தொண்ணூறு.
சாக்கம்மா இருமி இருமிக் குந்திவிட்டாள்.
நான் பொத்தானை அழுத்தினேன்.
எடை நிலைக்கவில்லை என்றது இயந்திரம்.
நிலைக்காத எடைக்குச் சீட்டு கிடையாது,
பத்துக்குக் கீழே எதற்கும் கிடையாது.
ஒன்பது வருடமாய் இதைத் தெரிந்துதான்
உட்கார்ந்திருக்கிறேன்.

வெற்றுச் சீட்டுச் சுருளைக் கிழித்து
அதன் முதுகில் எழுதினேன்.
கைவிரலில் ஒட்டிய களி
இரண்டாவது வரியில் இருக்கிறது.

நாகவேணி நின்றபடியே படித்தாள்.
திருப்பிப் பார்த்தாள், பின்பக்கமும்.
"யாரும் சாகல."
"இல்ல."
"பாஸும் ஆகல."
"அடுத்ததுல."
"சரி, இந்தச் சாக்கம்மா ஏன் இருமுறா?"

மிளகாய்த்தூள் என்றேன்.
மிளகாய்த்தூள்தான்.