இரண்டாவது எல்போ

பத்து மணிக்கு மேல்தான் பெங்களூரு
லாரிகளை உள்ளே விடும்.
பொம்மசந்திரா கான்கிரீட் பிளாண்டில்
எனக்கு இரவு ஷிப்ட்.

சங்ககிரி வண்டி.
அர்த்தநாரி இறங்கி ஹோஸை மாட்டுகிறார்,
கம்ப்ரசரைப் போடுகிறார்,
கேஜ் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைக்கிறார்.
முப்பது டன் சிமென்ட்
பதினெட்டு மீட்டர் மேலே ஏறவேண்டும்.
படி இல்லை, வாளி இல்லை, தலைச்சுமை இல்லை.
காற்று மட்டும்.

முதலில் அடியிலிருந்து ஊத வேண்டும்.
கல்லாய் உட்கார்ந்திருக்கும் தூள்
கொஞ்சம் கொஞ்சமாய்த் தளர்ந்து
மட்டம் உயர்ந்து
தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கும்.
பிறகு குழாய்.
பிறகு சரசரவென்று,
தகரக் கூரையில் மழை என்று சொல்லலாம்,
சொல்ல மாட்டேன்.
அது சிமென்ட் போகிற சத்தம்தான்.

இரண்டு பத்துக்கு அந்தச் சத்தம் நின்றது.
முள் ஏறுகிறது. ஹோஸ் விறைக்கிறது.
புதிதாய் வந்த பசலிங்கா கத்துகிறான்:
"ஏர் ஜாஸ்தி மாடி, அண்ணா!"

அர்த்தநாரி ஜாஸ்தி பண்ணவில்லை.
வால்வை மூடி சிமென்டை நிறுத்தினார்.
"சுமை மீறிப் போனா காத்து என்ன பண்ணும்,
இறக்கி வச்சுட்டு நிக்கும்."
மரச்சுத்தியால் குழாயைத் தட்டிக்கொண்டே ஏறினார்.
டங். டங். டங்.
இரண்டாவது எல்போவில்
மொத்.

எப்போதும் அங்கேதான்.
வளைவு வந்தால் காற்று திரும்பிவிடும்,
தூளுக்குத் திரும்பத் தெரியாது, போய் மோதும்.
உள்ளுக்குள்ளேயே தேய்ந்து
மூன்று முறை பட்டை வைத்து வெல்டிங் செய்த இடம்.
போன சித்திரையில் ஓட்டை விழுந்து
ஒரு மெல்லிய சாம்பல் கோடு
பக்கத்து அபார்ட்மென்ட் துணிக்கொடிவரை போனது.
புகார் எழுதியவர் வீட்டுச் சுவரும்
இந்தக் குழாயில் ஏறியதுதான்.
பதிலில் அதை எழுத மானேஜர் விடவில்லை.

வெறும் காற்றை அனுப்பினோம்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு குழாய் ஒருமுறை உதறிக்கொண்டது,
முள் இறங்கியது.

சைலோ உச்சியில் பில்டர்.
சிமென்டை உள்ளே விட்டுவிட்டுக் காற்று
துணிப்பை வழியே வெளியே வந்து
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்
ஓசூர் ரோட்டுப் பக்கம் போகிறது.

அர்த்தநாரிக்குக் கையெழுத்து நாலரைக்கு.
ஆறுக்குள் அத்திப்பள்ளி தாண்டவேண்டும்.
போனை எடுத்தார். திரையெல்லாம் தூள்.
உஃப் என்று ஊதினார்.
எழும்பியது, ஒரு விரற்கடை,
அப்புறம் அதே திரையில்
மகள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜின் மேல்
இறங்கியது.
இன்னொரு முறை ஊதினார்.