சாலைவழி, வான்வழி

என் வக்கீல் குர்மீத் எழுதியது:
வான்வழி, ஒரு மணி பத்து நிமிடம்.
அவள் வக்கீல் மிஸ் ஓங் எழுதியது:
சாலைவழி, முன்னூற்று ஐம்பத்தைந்து கிலோமீட்டர்,
தாப்பாவில் நெரிசல்,
ஈப்போ தாண்டினால் மழை,
பெருநாள் காலமென்றால் எட்டு மணி நேரம்.
இருவருமே பொய் சொல்லவில்லை.
கோலாலம்பூர் நீதிமன்றத்தில்
ஒரே தூரம்
இரண்டு கோப்புகளில்
முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிள்ளைக்கு என்ன வயது?
எட்டு என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
அந்த வருடம் முழுக்க நாங்கள் ஒத்துப்போனது
அந்த ஒரு சொல்லில்தான்.

ஆகவே, ஒன்றுவிட்ட வெள்ளிகளில்
சுபாங்கில் அம்மா கையெழுத்திட்டு ஒப்படைப்பாள்.
பாயான் லெப்பாஸில் நான் கையெழுத்திட்டு வாங்குவேன்.
கழுத்தில் மஞ்சள் பை தொங்க
லோஷினி வருவாள், தனியாக,
ஓர் அலுவலகக்காரி போல.
ஒவ்வொரு முறையும் என் அடையாள அட்டையைக் கேட்பார்கள்.
ஒவ்வொரு முறையும்
அப்பா நான்தான் என்று நிரூபிப்பேன்.

சில்லுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு எனக்கு.
நொடியை ஆயிரமாக நறுக்கி
அதிலொரு துண்டைக் குறைசொல்வது என் வேலை.
அதனால் தெரியும்:
டிக்கெட்டில் ஒரு மணி பத்து,
சக்கரம் தரையை விட்டு மறுபடி தரை தொட
நாற்பத்தெட்டே நிமிடம்.
மிச்சம் இருபத்திரண்டும்
வரிசையில் நிற்பது, கதவு திறக்கக் காத்திருப்பது,
எழுந்து நின்று பெட்டியை இறக்குபவரின் முழங்கை.

அக்டோபரில் ஒரு வெள்ளி. பேய்மழை.
பாலம் தெரியவில்லை, எதிர்க்கரை தெரியவில்லை.
கைப்பேசித் திரையில் மட்டும்
நகத்தளவு மஞ்சள் விமானம்
ஜெரெஜாக் தீவுக்கு அந்தப் பக்கம்
வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.
அழைப்பு வந்தது. அவள்.
"எறங்கிட்டாளா?"
"இன்னும் இல்ல. சுத்துது."
"தெரியுது. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அப்புறம் பேச்சில்லை.
அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது.
நானே மாட்டியது அது,
ஒரு திருகு அப்போதே சரியில்லை.
இரண்டாம் வட்டம்.
மூன்றாம் வட்டம்.
அலோர் ஸ்டாருக்குத் திருப்பிவிடுவார்களோ என்றாள்.
எரிபொருள் இருக்கும் என்றேன்,
எதுவும் தெரியாமல்.
நான்காவதில் மஞ்சள் நேராகிக்
கரையை நோக்கி வந்தது.

கையெழுத்து. அடையாள அட்டை.
"பயந்துட்டியா?"
"இல்லப்பா. பக்கத்து சீட்டு ஆண்ட்டி ஜெல்லி குடுத்தாங்க.
இன்னொரு ரவுண்டு போயிருக்கலாம்."
கார் நிறுத்துமிடம் வரை ஒன்றும் பேசாமல் வந்தவள்
தேங்கிய நீரைத் தாண்டும்போது கேட்டாள்:
"அங்க அம்மா சைன் பண்ணிட்டாங்க.
இங்க நீங்க இன்னும் சைன் பண்ணல.
மேல இருக்கறப்போ நான் யார்கிட்ட இருக்கேன்?"

பதினோரு பக்கத் தீர்ப்பை
மனத்துக்குள் புரட்டினேன்.
விடுமுறை இருந்தது, தீபாவளி இருந்தது,
பல் வைத்தியர் செலவுகூட இருந்தது.
இது இல்லை.

"அப்ப அது என்னோட டைம்" என்று
கதவைத் திறந்து ஏறி
பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள்.

சட்டைப் பை சுட்டது.
கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்:
அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
ஐம்பத்தொரு நிமிடம், சில நொடிகள்.
அந்தப் பக்கம்
திருகு தளர்ந்த மின்விசிறி.